ஏழாவது பாட்டில் ஒரு மூச்சு

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் யார் வீட்டு அலமாரியை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். உள்ளே சிடி என்று ஒன்று இருந்தால், அநேகமாக அது என் பட்டறையில் காப்பி போட்டு, மேலே அச்சடித்து, உறைக்குள் போட்டு அனுப்பியதாகத்தான் இருக்கும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வேறு எதற்காகச் சொல்வான்?

“அண்ணாச்சி, இந்தக் காலத்துலயும் சிடியா?” என்று செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வாயால் பதில் சொல்வதில்லை. பட்டறைக்குள் கூட்டிப்போய்க் காட்டுவேன். ஒரு மேஜையில் ஸ்கேன் சென்டருக்குப் போகிற தட்டுகள். நோயாளியின் மண்டையும் முதுகெலும்பும் அதில் ஏறித்தான் பெரிய டாக்டரிடம் போகின்றன. அடுத்த மேஜையில் பி.எட். பிள்ளைகள் ஆய்வேட்டின் பின்னட்டையில் ஒட்டிக் கொடுக்கிற தட்டுகள். மூன்றாவது மேஜை பாட்டுக்கு. பஜனை மடம், பள்ளி ஆண்டு விழா, சபைப் பாடல் எல்லாம் அங்கே. காரில் இன்னமும் தட்டு போடுகிறவர்கள், வீட்டில் பாட்டுப்பெட்டி வைத்திருக்கிற பெரியவர்கள், பாட்டுக்கு நடுவே விளம்பரம் வந்தால் கோபப்படுகிறவர்கள், இவர்களெல்லாம் என் ஆட்கள். நான் சிடியைத் தட்டு என்றுதான் சொல்வேன். என்னிடம் வேலை கொடுக்க வருகிறவர்களும் இரண்டாம் முறை வரும்போது தட்டு என்றே சொல்லிவிடுவார்கள்.

எனக்குச் சொந்த ஊர் சேத்தூர். பதினாலு வயதில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கம்பெனிக்கு பேல், அதாவது துணிமூட்டை, கட்ட வந்தேன். கட்டி முடித்த பேலின் மேல், தகரத்தில் வெட்டிய எழுத்தை வைத்து மை தடவுவது என் வேலை. மற்றவர்கள் தடவினால் மை வழியும். நான் தடவினால் எழுத்து வெட்டி வைத்த மாதிரி நிற்கும். அங்கிருந்து துணிப்பை அச்சு, கல்யாணக் கவர், ஸ்டிக்கர் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே வந்தேன். தட்டு வந்த புதிதில் எல்லோரும் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஸ்டிக்கர் ஒரு நாள் உரிந்து, பெட்டிக்குள் சுருண்டு, பெட்டியையும் கெடுக்கும். நான் நேராகத் தட்டின் மேலேயே அச்சடித்தேன். தட்டு அசையாமல் உட்கார வேப்பம் பலகையில் வட்டமாகக் குடைந்து, நடுவில் ஒரு முளை வைத்து, நானே படுக்கை செய்தேன். மெஷின் விற்க வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, விற்க வந்ததை மறந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

தட்டில் தமிழ் அச்சடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இங்கிலீஷில் இரண்டே இரண்டு எழுத்துக்குத்தான் தலையில் புள்ளி. நமக்கு மெய்யெழுத்துக்கெல்லாம் புள்ளி. மை இறங்குகிற ஸ்கிரீன் வலையைச் சரியாகக் கழுவாவிட்டால் புள்ளி விழாது, ‘பக்தர்கள்’ ‘பகதரகள’ ஆகிவிடுவார்கள். நான் அச்சடித்த தட்டில் ஒரு புள்ளி விழாமல் போனதாக யாராவது காட்டட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் நான். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறேன். வேகமாகப் படிக்கிற படிப்பாளிகளுக்கு இல்லாத புள்ளியும் இருப்பதாகத் தெரியும்.

வேலை கொடுப்பவர் கொண்டுவருகிற முதல் தட்டுக்கு மாஸ்டர் என்று பெயர். காப்பி எடுக்கிற டவரில் மேலே ஒரு அறை, கீழே பத்து அறை. மேலே மாஸ்டரைக் கொடுத்தால் கீழே பத்து வெறும் தட்டிலும் பாட்டு இறங்கும். மாஸ்டர் கைக்கு வந்ததும் கல்லில் சந்தனம் உரசி அதற்கு ஒரு பொட்டு, பொட்டின் மேல் துளி குங்குமம் வைப்பேன். பேலுக்கு மை தடவிய காலத்திலும் முதல் பேலுக்குப் பொட்டு வைத்துத்தான் தொடங்குவோம். அந்தப் பழக்கம். தட்டில் ஓட்டையைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு வளையம் இருக்கும், அங்கே பாட்டு கிடையாது. பளபளக்கிற பக்கம்தான் தட்டுக்கு முகம் என்பது என் எண்ணம், ஆகவே அந்தப் பக்கத்து வளையத்தில் வைப்பேன். நம் ஊர் வெயிலில் சந்தனம் கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். அந்தப் பொட்டால் ஒரு தட்டும் கெட்டதில்லை. போன மழைக்காலம் வரைக்கும்.

அந்த மழையில் ஒரு புதன்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கிறிஸ்தவச் சபையில் பாடகர் குழுவை நடத்துகிறவர். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தார். பேசினால் உமியைக் கையில் தேய்க்கிற மாதிரி சத்தம் வந்தது.

“பன்னெண்டு பாட்டு அண்ணாச்சி. ஐநூறு தட்டு வேணும். ஞாயித்துக்கெழம அசனம். ஆராதனை முடிஞ்சதும் எல்லார் கையிலயும் கொடுக்கணும்.”

அசனம் என்பது சபையார் எல்லோரும் பந்தியாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பண்டிகை. எனக்கும் தெரிந்ததுதான். கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

“பென் டிரைவ்ல இருந்தா அதயும் கொடுங்க டீச்சர், ஒரு காவலுக்கு.”

“அதெல்லாம் கெடையாது. ரெக்கார்டிங் பண்ணுன தம்பி கம்ப்யூட்டர் கெட்டு, உள்ள இருந்தது அம்புட்டும் போச்சு. மிச்சம் இந்த ஒரு தட்டுதான்.” தட்டை என் பக்கம் நகர்த்தினார். “இதுல ஏழாவது பாட்டு நான் தனியாப் பாடுனது. வருசா வருசம் பந்தி நடக்கையில நான்தான் அதப் பாடுவேன். தொண்டையில ஆப்பரேசனுக்கு ரெண்டு வாரம் முன்னால பதிஞ்சோம். ஆப்பரேசனுக்குப் பொறவு குரல் இப்பிடி ஆயிருச்சு. இந்த வருசம் எனக்குப் பதிலா உங்க தட்டுதான் பாடணும்.”

அழாமல் சொன்னார். வகுப்பில் வருகைப் பதிவு கூப்பிடுகிற மாதிரி சொன்னார்.

“இன்னொன்னு அண்ணாச்சி. மாஸ்டருக்கு நீங்க பொட்டு வைப்பீகளாமே?”

“ஆமா.”

“எங்களுக்கு வேண்டாம். உங்க வழக்கத்தக் கொற சொல்லல. இது சபைக்குப் போறது, அதுக்காகச் சொல்றேன்.”

“சரி டீச்சர்.”

“நெசமாச் சரியா, இல்ல வாத்தியாருக்குத் தலையாட்டுற சரியா?”

“நெசமாத்தான் டீச்சர்” என்றேன்.

மறுநாள் காலையில் மாஸ்டரைக் கையில் எடுத்தேன். கை டவர்ப் பக்கம் போகவில்லை. எத்தனையோ வருடமாகப் பொட்டு இல்லாமல் ஒரு வேலையும் தொடங்கியதில்லை. இதுவோ இருப்பது ஒன்றே ஒன்று. பொட்டு வைக்காமல் தொடங்கி ஏதாவது ஆகிவிட்டால்? கடுகளவு வைப்போம், வேலை முடிந்ததும் துடைத்துவிடுவோம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். வைத்தேன்.

அச்சு மை கலக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி தலையைத் தூக்கினாள். “டீச்சரு வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாகல்ல?”

“நீ மையக் கலக்கு.”

மூன்று நாளாக மலைப் பக்கமிருந்து சாரல் நிற்கவில்லை. காற்றே ஈரமாக இருந்தது. சந்தனம் காயவில்லை. செத்த நேரம் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. டவருக்குள் தட்டு சுற்றுகிற வேகம் சாதாரண வேகமில்லை. பம்பரம் தோற்றுப்போகும். ஆனாலும் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஒவ்வொரு சுற்றும் முடிந்து பத்துத் தட்டும் வெளியே வந்தன. ஒரு தட்டை எடுத்து முதல் பாட்டில் கொஞ்சம், கடைசிப் பாட்டில் கொஞ்சம் போட்டுக் கேட்டேன். தலையும் வாலும் சரியாக இருந்தால் நடுவும் சரியாக இருக்கும் என்பது அப்போதைய என் சட்டம். ஐநூறும் இறங்கின, அன்று சாயங்காலத்துக்குள் ஐநூறுக்கும் அச்சும் முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் உறை போடுகிற வேலை. அதைச் செய்கிறவள் பக்கத்துத் தெருக்காரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று தெலுங்கில்தான் தட்டு எண்ணுவாள். தமிழில் எண்ணினால் நாங்கள் பேசுகிற பேச்சில் கணக்குத் தப்பிவிடுகிறதாம். கை உறை போடும், காது பாட்டு கேட்கும். அன்றும் டீச்சரின் தட்டில் ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வேலை பார்த்தாள். முந்நூறு தாண்டியிருப்பாள், எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

“மொதலாளி, இங்க வாங்க. டீச்சரம்மா பாட்டுல காக்கா புகுந்துருச்சு.”

“என்னட்டி உளறுத?”

“நீங்களே கேளுங்க.”

ஏழாவது பாட்டு. ‘காத்தீரே’ என்று ஏறி வரவேண்டிய இடத்தில் ‘கா, கா, கா’ என்றது. பிறகு ஒரு வார்த்தை காணோம். பிறகு பாட்டு ஒன்றும் நடக்காதது போல் போய்க்கொண்டிருந்தது. வேறொரு தட்டை எடுத்துப் போட்டேன். அதிலும் காக்கை. இன்னொன்று, இன்னொன்று. பத்தாவது தட்டோடு கேட்பதை நிறுத்தினேன். எல்லாம் ஒரே மாஸ்டரின் பிள்ளைகள்.

மாஸ்டரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். பொட்டு வைத்த இடத்தில் பொட்டு இல்லை. சுற்றிய வேகத்தில் ஈரச் சந்தனம் வெளிப்பக்கமாகத் தெறித்திருந்தது. தட்டில் பாட்டு உள்ளே தொடங்கி வெளியே ஓடும். அதன் பாதி வழியில், சரியாக ஏழாவது பாட்டின் மேல், ஒரு துளி போய் உட்கார்ந்திருந்தது. ஸ்கேன் படம் உள்ள தட்டாக இருந்திருந்தால் மெஷினே பிழை என்று நின்றிருக்கும். பாட்டு என்றால் நிற்காது, படிக்க முடியாத இடத்தில் தானாக எதையாவது நிரப்பிவிட்டுப் போய்விடும்.

அடுத்து நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், தட்டை வட்டமாகத் துடைக்காதே என்பது. நனைத்த பேண்டேஜ் துணியால் நடுவிலிருந்து வெளியே நேராக இழுக்க வேண்டும். நேர்க் கீறலை மெஷின் தாண்டிப் போய்விடும், வட்டக் கீறலில் விழுந்துவிடும். இந்தப் பாடத்தைச் சொன்னவனே அன்று பதற்றத்தில் கட்டைவிரலை வைத்து வட்டமாகத் தேய்த்தேன். உரசின சந்தனத்தில் கல் பொடி இருக்கும். துளி போயிற்று, அதன் இடத்தில் பிறை மாதிரி நாலைந்து கீறல் வந்துவிட்டது. பெட்டியில் போட்டேன். காக்கை இன்னும் நீளமாகக் கத்தியது.

வீட்டுக்காரி சந்தனக் கல்லை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள்.

கீறலை எடுக்க எனக்கு ஒரு வழி தெரியும். வெள்ளைப் பற்பசையைப் பேண்டேஜ் துணியில் தொட்டு, மெதுவாகத் தேய்த்துத் தேய்த்து மேல் தோலை மட்டும் மழுங்க வைக்க வேண்டும். எத்தனையோ தட்டுகளை அப்படிப் பிழைக்க வைத்திருக்கிறேன். ஒன்றிரண்டு கையிலேயே செத்தும் போயிருக்கின்றன. இது செத்தால் அந்தக் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. கேட்காமல் ஒரு காரியம் செய்ததன் பலன் கையில் இருந்தது. இன்னொரு முறையும் கேட்காமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. தட்டை உறையில் போட்டு, சட்டைக்குள் வைத்து, மழைக் கோட்டு மாட்டி, மொபெட்டை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விட்டேன்.

சபைக் கட்டடத்தின் பின்னால் அசனத்துக்கு வந்த அண்டாக்களை டீச்சர் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“தட்டு அதுக்குள்ள முடிஞ்சுதா அண்ணாச்சி?”

“இல்ல டீச்சர். கெட்டுப்போச்சு. நான்தான் கெடுத்தேன்.”

பொட்டு, தெறித்த துளி, கட்டைவிரல், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். டீச்சர் கையிலிருந்த கரண்டியை ஒரு அண்டாவின் மேல் வைத்தார்.

“நான் வேண்டாம்னு சொன்னேன்.”

“சொன்னீக.”

“நீங்க சரின்னீக.”

“ஆமா டீச்சர்.”

“பொறவு எதுக்கு வச்சீக?”

“இருக்கது ஒன்னுதானே, நல்லபடியா முடியட்டும்னு வச்சேன்.”

அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் எத்தனை பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்றிருப்பார்களோ. “மெஷின் கெடுத்துருச்சுன்னு சொல்லியிருந்தா நான் நம்பிட்டுப் போயிருப்பேன். எனக்கென்ன மெஷினத் தெரியுமா?”

“என் மெஷின் கெடுக்காது டீச்சர். அது மேல பழி போட மாட்டேன்.”

சிரிப்பா கோபமா என்று தெரியாத ஒரு சத்தம் அவர் தொண்டையில் வந்தது. “இந்த நேரத்துலயும் பெருமையப் பாரு! சரி, இப்ப என்ன செய்யணும்?”

சொன்னேன். பிழைக்கலாம், போகவும் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை.

“தேய்க்காட்டி?”

“கா கா கா.”

டீச்சர் கரண்டியைத் திரும்பக் கையில் எடுத்தார். “நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கு வாரேன். எம் முன்னாலதான் தேய்க்கணும். அது வரைக்கும் அதத் தொடப்பிடாது.”

நான் தொடவில்லை. ஆனால் திரும்பி வந்ததும் சும்மா இருக்கவும் இல்லை. ஸ்கேன் சென்டருக்கு வைத்திருந்த வெறும் தட்டில் ஐநூறை எடுத்து அச்சுப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தேன். மாஸ்டர் பிழைக்கவே எவ்வளவு நேரமாகுமோ, அதன் பிறகு அச்சடிக்கத் தொடங்கினால் ஞாயிறு காலைக்கு முடியாது.

“மாஸ்டரு பொழைக்காட்டி?” என்றாள் வீட்டுக்காரி.

“பொழைக்கும்.”

“பொழைக்காட்டி இம்புட்டும் குப்பைக்குப் போகும்.”

“பொழைக்கும்னு சொல்லுதேன்ல. அச்சடி.”

ஈரம் முந்தின நாளைவிடக் கூடி, மை காயவில்லை. வீட்டில் இருந்த மேஜை விசிறிகள் எல்லாம் பட்டறைக்கு வந்தன. உறைக்குச் சூடு காட்டுகிற ஊதியைத் தூரத்தில் பிடித்துக் காற்றை உலர்த்தினேன். பக்கத்தில் பிடித்தால் தட்டு வளைந்துவிடும். எத்தனை அடி தூரம் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது, என் கை ரோமத்துக்குத் தெரியும். வெள்ளை அடிப்பூச்சு, அதன் மேல் நீலம். டீச்சரின் சபைப் பெயரில் இருந்த அத்தனை புள்ளியும் விழுந்தது. ஐநூறு தட்டும் பாட்டுக்காகக் காத்திருந்தன.

சனிக்கிழமை சொன்னபடி முதல் பஸ்ஸில் டீச்சர் வந்துவிட்டார். நாற்காலியில் தூசி தட்டிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். நான் பற்பசையைத் தொட்டுத் தேய்க்கத் தொடங்கினேன். நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே. கையில் அழுத்தம் வைக்கவில்லை, துணியின் எடையைத்தான் வைத்தேன். கழுவி, உலர்த்தி, டவரில் போடாமல், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைத்திருந்த ஒரு டிரைவில் கொடுத்தேன். அது மெதுவாகப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும், ஆனால் விடாமல் படிக்கும். என்னை மாதிரி.

முதல் தடவை காக்கை பாதியாகக் குறைந்தது. இரண்டாம் தடவை தேய்த்தபோது காக்கை பறந்தே போய்விட்டது. ‘காத்தீரே’ முழுசாக வந்தது, காணாமல் போன வார்த்தையும் வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். “பாத்தீகளா டீச்சர்! நான் சொல்லல?”

டீச்சர் மேஜையில் கிடந்த ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். “இன்னொரு தடவ போடுங்க.” போட்டேன். கேட்டார். “இல்ல அண்ணாச்சி.”

“என்ன இல்ல?”

“‘காத்தீரே’ எடுக்கறதுக்கு முன்னால நான் ஒரு மூச்சு எடுப்பேன். அது இல்ல.”

“மூச்சா? பாட்டு முழுசா இருக்கே டீச்சர்.”

“மூச்சு எடுக்காம அம்புட்டு ஒசரத்துக்கு எவ போவா? அந்த எடத்துல பாடுறது நான் இல்ல, உங்க மெஷினு.”

நான் ஹெட்போனை வாங்கி மாட்டிக் கேட்டேன். மூன்று முறை கேட்டேன். எனக்கு ஒன்றும் குறையத் தெரியவில்லை. என் காதைப் பற்றி நான் அதுவரை யாரிடமும் குறைத்துச் சொன்னதில்லை. நான்காம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது பிடிபட்டது. அந்த இடத்தில் சத்தமே இல்லாமல் வழித்து வைத்த மாதிரி ஒரு வெறுமை. பதிவு செய்த அறையின் இரைச்சல்கூட இல்லை. மெஷின் படிக்க முடியாததை மூடி மறைத்திருந்தது.

“இது போதும் டீச்சர்” என்றாள் உறை போடுகிறவள், பாவப்பட்டு. “பந்தியில யாரு இதையெல்லாம் கவனிப்பா?”

“நான் கவனிப்பேன்” என்றார் டீச்சர்.

மறுபடி துணியை எடுத்தேன். தேய்த்த இடம் ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் எத்தனை முறை தாங்கும் என்று சொல்ல முடியாது. மூன்றாம் தடவை தேய்த்துக் கழுவிப் போட்டோம். மூச்சு இல்லை. புதிதாக ஒரு ‘டிக்’ வேறு சேர்ந்துகொண்டது.

“விட்டுறலாமா டீச்சர்? முன்ன எடுத்தது கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு. அதப் போட்டுருவோம்.”

“அதான் பத்திரமா இருக்குல்ல. பொறவு என்ன பயம்? தேய்ங்க.”

இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. நான்காம் தடவை. பற்பசையைத் தண்ணீர் மாதிரி கரைத்துக்கொண்டேன். கீறல் கீறலாகப் போகாமல், பிறையின் ஒரு முனையில் மட்டும், குழந்தையின் கண்ணில் மை எடுக்கிற மாதிரி இழுத்தேன். டிரைவில் கொடுத்தேன். அது நெடுநேரம் முனகிக்கொண்டு படித்தது.

டீச்சர் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். பாட்டு எனக்குக் கேட்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் அவருடைய மார்பு தானாக ஏறியது, பாடப்போகிறவருக்கு ஏறுகிற மாதிரி. உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை.

“வந்துருச்சு” என்றார்.

கம்ப்யூட்டரில் ஏறியதை வைத்துப் புது மாஸ்டர் போட்டேன். காப்பி எடுக்க டவரின் மேல் அறையைத் திறந்தபோது டீச்சர் எழுந்து வந்து என் விரல்களைப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது.

“நான் ஒரு சின்ன ஜெபம் பண்ணிக்கிடட்டுமா?”

“நான் பொட்டு வைக்கப்பிடாது, நீங்க மட்டும் ஜெபம் பண்ணலாமாக்கும்?”

“ஜெபம் தெறிக்காது அண்ணாச்சி.”

என் வீட்டுக்காரி இரண்டு நாள் கழித்து அப்போதுதான் சிரித்தாள்.

டவரை ஓடவிட்டோம். பத்துத் தட்டு வந்ததும் ஒன்றை எடுத்து ஏழாவது பாட்டைப் போடுவது, டீச்சர் தலையசைப்பது, அடுத்த பத்து. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஐநூறாவது தட்டு உறைக்குள் போயிற்று. கெட்ட ஐநூறையும் டீச்சர் கண் முன்னாலேயே ஆணியால் குறுக்கே கீறிச் சாக்கில் போட்டேன். என் பெயருக்குக் கீழே காக்கை கத்துகிற தட்டு ஒன்றுகூட ஊரில் உலவக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை தட்டு அடுக்கிய பெட்டிகளை நானே ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கினேன். மழை விட்டிருந்தது. ஆராதனை முடிந்து தட்டு எல்லோர் கைக்கும் போயிற்று. ஒருவர் அச்சைத் தடவிப் பார்த்து, “எங்க, சிவகாசியில அடிச்சதா?” என்றார். “ராஜபாளையத்துல, என் கையால” என்றேன். வேண்டிய அளவுக்கு விவரமும் சொன்னேன்.

பந்தி விரித்தார்கள். நானும் உட்கார்ந்தேன். பந்திக்கு முன்பே ஒலிபெருக்கியில் தட்டைப் போட்டிருந்தார்கள், இலையில் சோறு விழும்போது ஆறாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு என் வரிசையில் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும் அந்த உமிக் குரலில் “போதுமா? இன்னும் ஊத்தவா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு இரண்டு ஆள் முன்னால் வரும்போது ஏழாவது பாட்டு தொடங்கியது.

யாரும் சாப்பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை, தட்டு சரியாக இருந்தால் அப்படித்தான். வருடா வருடம் கேட்ட குரல் வழக்கமான நேரத்துக்கு வந்திருக்கிறது, சோற்றைப் பிசைய வேண்டியதுதான். எனக்கு எதிர் வரிசையில் ஒரு கிழவர் மென்றுகொண்டே தலையை ஆட்டினார். டீச்சர் மட்டும் என் இலைக்கு நேரே, கரண்டியை வாளிக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார். கரண்டியிலிருந்து குழம்பு சொட்டியது. நானும் சோற்றில் கை வைக்கவில்லை.

அந்த இடம் வந்தது. மூச்சு வந்தது. ‘காத்தீரே’ ஏறிப் போனது.

டீச்சர் என் இலையில் குழம்பை ஊற்றிவிட்டு, அடுத்த இலைக்கு நகர்ந்தார்.